நிலைத்த நகரங்களும் குறைகார்பன் எரிசக்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத் திட்டமிடலையும் எரிசக்தியையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

2020-ஆம் ஆண்டில் உலகப் பைங்குடில் வாயு உமிழ்வில் 67 முதல் 72 விழுக்காடு வரை நகரங்களின் நுகர்வைச் சார்ந்திருந்தது என்று, காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசி தன் ஆறாவது மதிப்பீட்டில் கணக்கிட்டிருக்கிறது. 2050-க்குள் உலக மக்களில் மூன்றில் இருவர் நகரவாசிகளாக இருப்பார்கள் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் கணிப்பு. வீடு எங்கே அமைகிறது, வேலை எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் என்ன ஓடுகிறது என்பதை முடிவு செய்வது நகரத் திட்டமிடல் துறை. அந்த முடிவுகளின் விளைவாக எழும் மின்தேவையையும் எரிபொருள் தேவையையும் நிறைவேற்றும் பொறுப்போ எரிசக்தித் துறையின் தலையில் விழுகிறது. பெரும்பாலான ஊர்களில் இவ்விரு துறைகளும் ஒன்றின் வரைவை மற்றொன்று பார்க்காமலே திட்டம் தீட்டுகின்றன. நில வரைபடம்தான் ஒரு நகரத்தின் முதல் எரிசக்தித் திட்டம் என்ற நிலைப்பாட்டிலிருந்தே இந்தப் பக்கத்தின் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

'நிகர பூஜ்யம்' என்றால் என்ன?

வெளியேறும் பைங்குடில் வாயுக்களின் அளவும், காடு, மண், தொழில்நுட்பம் ஆகியவற்றால் காற்றிலிருந்து அகற்றப்படும் அளவும் சமமாகும் நிலை அது. 2015 பாரிஸ் ஒப்பந்தம் புவியின் சராசரி வெப்ப உயர்வை 2 டிகிரி செல்சியஸுக்கு வெகுவாகக் கீழே நிறுத்தவும், 1.5 டிகிரிக்குள் வைக்க முயலவும் நாடுகளுக்குப் பொது இலக்கு வகுக்கிறது. 1.5 டிகிரி எல்லைக்கு உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஏறத்தாழ 2050-இல் நிகர பூஜ்யத்தை எட்ட வேண்டும் என்று ஐபிசிசி 2018-இல் தெரிவித்தது.

ஒரு நகரத்தின் உமிழ்வை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2014-இல் வெளியான பன்னாட்டுக் கணக்கீட்டு நெறிமுறையொன்றைப் பல நகரங்கள் பின்பற்றுகின்றன. அது உமிழ்வை மூன்று வரம்புகளாகப் பிரிக்கிறது: நகர எல்லைக்குள்ளேயே எரிக்கப்படும் எரிபொருளால் வருவது முதல் வரம்பு; வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாம் வரம்பு; நகருக்குள் நடக்கும் செயல்களால் எல்லைக்கு அப்பால் ஏற்படும் மற்ற உமிழ்வுகள் மூன்றாம் வரம்பு. ஓர் ஆலையை எல்லைக்கு வெளியே மாற்றிவிட்டு, அங்கே செய்யப்படும் சிமெண்டையும் எஃகையும் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கும் நகரத்தின் முதல் வரம்புக் கணக்கு அழகாகவே இருக்கும். வளிமண்டலத்துக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. ஆகவே, 'எங்கள் நகரம் இத்தனை விழுக்காடு குறைத்துவிட்டது' என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, எந்த வரம்புகளைச் சேர்த்து என்று முதலில் கேட்பது நல்லது. வானூர்திப் பயணமும் இறக்குமதிப் பொருள்களும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது? சூரியத் தகடா, மின்சாரப் பேருந்தா, கட்டட விதியா?

எது நீண்ட காலம் மாறாமல் நிற்குமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு குளிரூட்டியோ வாகனமோ பத்து, பதினைந்து ஆண்டுகளில் மாற்றப்பட்டுவிடும். இன்று தவறான கருவியை வாங்கினால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். மின் நிலையத்தின் ஆயுள் முப்பது, நாற்பது ஆண்டுகள். கட்டடம் ஐம்பது ஆண்டுகளையும் தாண்டும். தெருக்களின் அமைப்பும் மனைப்பிரிவும் அவற்றின் மேல் எழுந்த கட்டடங்கள் இடிந்து புதிதாகக் கட்டப்பட்ட பின்பும் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே இருக்கும். பண்டை ரோமானியர் வகுத்த தெருக்கோடுகளை இன்றும் சில ஐரோப்பிய நகரங்களின் நடுப்பகுதிகளில் காணலாம். இதற்கு நேர் எதிரான வரிசையில்தான் அரசியல் கவனம் அமைந்திருக்கிறது என்பது என் கருத்து: கருவிகளுக்கு மானியம் அறிவிப்பது எளிது, அதைப் படம் பிடிக்கவும் முடியும், மனைப்பிரிவு விதியைத் திருத்துவதை யாரும் படம் பிடிக்க வருவதில்லை. நகருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில், பேருந்துத் தடமே இல்லாத இடத்தில், ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒப்புதல் அளித்துவிட்டால், அந்த வீடுகளின் கூரை முழுவதும் சூரியத் தகடு வேய்ந்தாலும் அங்கே குடியேறுபவர்களின் அன்றாடப் பயணத் தொலைவு குறையப்போவதில்லை.

அடர்த்தியைக் கூட்டினால் நெரிசல்தானே கூடும்?

அடர்த்தியும் நெரிசலும் வேறு வேறு. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது அடர்த்தி. ஓர் அறையில் எத்தனை பேர் முடங்கிக் கிடக்கிறார்கள் என்பது நெரிசல். ஒரு மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்று சொல்லும் தளப் பரப்புக் குறியீட்டைக் கட்டுப்படுத்தி வைப்பதால் மக்கள் வருவது நின்றுவிடாது. இருக்கும் குறைந்த இடத்தில் நெருக்கிக்கொள்வார்கள், அல்லது தொலைவுக்குத் தள்ளப்படுவார்கள்.

நகரவியலர் அலன் பெர்ட்டோ செய்த ஓர் ஒப்பீடு இதை நன்கு விளக்குகிறது. 1990-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் சுமார் 25 லட்சம் பேரும் ஸ்பெயினின் பார்சிலோனாவில் சுமார் 28 லட்சம் பேரும் வாழ்ந்தனர். ஆனால் அட்லாண்டாவின் குடியிருப்புப் பரப்பு 4,280 சதுர கிலோமீட்டர். பார்சிலோனாவின் பரப்பு 162 சதுர கிலோமீட்டர் மட்டுமே. 99 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோவால் பார்சிலோனா மக்களில் 60 விழுக்காட்டினரின் நடைதூரத்துக்குள் ஒரு நிலையம் அமைந்துவிட்டது. அட்லாண்டா அதே வசதியைத் தன் மக்களுக்குத் தர வேண்டுமானால் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தடமும் 2,800 நிலையங்களும் புதிதாக வேண்டியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். எந்த அரசாலும் கட்ட முடியாத மெட்ரோ அது. நகரம் பரந்துவிட்ட பிறகு பொதுப் போக்குவரத்தைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அடர்த்தி என்றதும் வானளாவிய கோபுரங்களையே பலர் நினைக்கிறார்கள். பார்சிலோனாவின் நடுப்பகுதியில் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு மாடி வரையிலான, தெருவை ஒட்டிய கட்டடங்களே உள்ளன. உயரமான கோபுரங்களைச் சுற்றி அகன்ற சாலையையும் வாகன நிறுத்துமிடத்தையும் விட்டுவைத்தால், கடைசியில் கிடைக்கும் அடர்த்தி நடுத்தர உயரக் கட்டடங்களின் அடர்த்தியைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். மின்தூக்கிக்கும் நீரேற்றத்துக்கும் கூடுதல் மின்சாரம் வேறு. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் 1947-இல் வகுத்த 'விரல் திட்டம்' வேறொரு வழியைக் காட்டியது: நடு நகரம் உள்ளங்கை, புறநகர் ரயில் தடங்கள் விரல்கள், விரல்களின் இடைவெளியில் வயலும் காடும். வளர்ச்சி தடத்தையொட்டியே நடக்க வேண்டும் என்பதுதான் விதி. பிரேசிலின் குரிச்சிபா 1974-இல் தனித்தடப் பேருந்தைத் தொடங்கியபோது அதே கொள்கையைக் குறைந்த செலவில் செயல்படுத்தியது. பேருந்துத் தடத்தையொட்டி மட்டுமே உயரமான கட்டடங்களுக்கு அனுமதி அளித்தது.

எல்லா வாகனங்களும் மின்சாரத்துக்கு மாறிவிட்டால் போதாதா?

பாதிக் கிணறு தாண்டியதாகும். பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது; மின்சார மோட்டாரோ பெற்ற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆதலால் மாற வேண்டியது உறுதி, அதிலும் பேருந்துகள் முதலில் மாற வேண்டும். அவை நாள் முழுவதும் ஓடுகின்றன, மாறாத தடத்தில் ஓடுகின்றன, ஒரே பணிமனைக்குத் திரும்புகின்றன. சீனாவின் ஷென்ஜென் 2017 இறுதிக்குள் ஏறத்தாழ 16,000 பேருந்துகள் கொண்ட தன் அணி முழுவதையும் மின்சாரத்துக்கு மாற்றிக்காட்டியது. ஆனால் தனியார் கார் மின்சாரத்தில் ஓடினாலும் சாலையில் அதே இடத்தை அடைக்கிறது, அதே வாகன நிறுத்துமிடத்தைக் கேட்கிறது, நகரம் பரவுவதற்கு அதே காரணமாகிறது.

சாலைக்கு விலை வைப்பது இன்னொரு கருவி. சிங்கப்பூர் 1975-இலும், லண்டன் 2003-இலும் நகர நடுவில் ஓடும் வாகனங்களுக்கான நெரிசல் கட்டணத்தைத் தொடங்கின. ஸ்டாக்ஹோம் 2006-இல் ஏழு மாதம் சோதனையாக நடத்தியபோது கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முன்பு எதிர்த்த நகர மக்களில் பெரும்பான்மையினர் அதன் பின் நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தனர். சோதனைக்கு முன்பே கூடுதல் பேருந்துகளை அந்நகரம் இறக்கியிருந்தது. அந்த வரிசையை மாற்றிச் செய்யும் நகரங்களில் கட்டணம் வெறும் தண்டனையாகவே மக்களுக்குத் தோன்றும்.

கட்டடங்களில் எது அதிகப் பலன் தரும்?

கருவியை வாங்குவதற்கு முன் தேவையைக் குறைப்பது. சுவரின் திசை, சன்னலின் அளவு, வெளிப்புற நிழல் தடுப்பு, கூரையின் வெப்பக் காப்பு, காற்றோட்டம் ஆகியவற்றை வரைபடத்தில் திருத்துவதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை. கட்டி முடித்தபின் திருத்துவதற்கு மிகுந்த செலவாகும். 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் குடியேற்றம் கண்ட முதல் 'பாசிவ் ஹவுஸ்' என்னும் மிகக் குறைந்த ஆற்றல் போதுமான குடியிருப்பின் வழிவந்த தரநிலை, ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க ஆண்டுக்கு 15 யூனிட் மட்டுமே செலவாகலாம் என்று வரம்பு வைக்கிறது. வெப்ப நாடுகளில் இதே சிந்தனையைக் குளிரூட்டலுக்குப் பொருத்த வேண்டும்: மேற்குச் சுவரில் மறைப்பில்லாத கண்ணாடியை வைத்துவிட்டு உள்ளே ஐந்து நட்சத்திரக் குளிரூட்டியைப் பொருத்துவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான்.

தேவை குறைந்தபின் வெப்பப் பம்பு கைகொடுக்கும். குளிர்பதனப் பெட்டியின் அதே தத்துவத்தில் வெப்பத்தை இடம்பெயர்க்கும் இக்கருவி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தைத் தருகிறது.

சட்டமும் வேண்டும். பார்சிலோனா 2000-ஆம் ஆண்டிலேயே புதிய கட்டடங்கள் தம் வெந்நீரில் பெரும்பங்கைச் சூரிய வெப்பத்தால் பெற வேண்டும் என்று ஆணையிட்டது. டோக்கியோ 2010-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய கட்டடங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் உமிழ்வு உச்சவரம்பு விதித்தது. நியூயார்க் 2019-இல் இயற்றிய சட்டத்தின்படி 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் வரம்பு நடைமுறைக்கு வந்தது. பின்னவை இரண்டும் புதிய கட்டடத்தோடு நில்லாமல் ஏற்கெனவே இருப்பவற்றையும் கட்டுப்படுத்துவதே கவனிக்கத்தக்கது. நகரத்தில் நாளை இருக்கப்போகும் கட்டடங்களில் பெரும்பகுதி இன்றே எழுந்துவிட்டவை அல்லவா?

கட்டுவதால் வரும் உமிழ்வைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். உலகக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. அதிலும் பாதிக்கு மேல் உலைக்கான எரிபொருளால் வருவதன்று, சுண்ணாம்புக்கல் சூடேறும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது. எனவே ஆலையைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலால் இயக்கினாலும் அந்தப் பங்கு நீங்காது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரின் அளவைக் குறைத்து உலைக்கசடு, சுட்ட களிமண் போன்றவற்றைக் கலப்பதும், தேவைக்கு மேல் கான்கிரீட்டைக் கொட்டாத வடிவமைப்பும், எல்லாவற்றுக்கும் முன்பாக, நல்ல நிலையிலுள்ள கட்டடத்தை இடிக்காமல் புதுப்பிப்பதும் இன்றைய வழிகள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் 'பசுமைக் கட்டடம்' கட்டியதாகப் பெருமை கொள்பவர்கள் இடித்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேற்கூரைச் சூரிய மின்சாரத்தால் ஒரு நகரம் தன்னிறைவு பெற முடியுமா?

தாழ்ந்த கட்டடங்கள் உள்ள பகுதி நெருங்கி வரலாம். அடர்ந்த நகரத்தால் முடியாது. 1,000 சதுர மீட்டர் கூரையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட்டுக்கு இடைவெளி உட்பட ஏறத்தாழ 10 சதுர மீட்டர் என்று கொண்டால் 100 கிலோவாட் பொருத்தலாம். வெயில் மிகுந்த இடத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் யூனிட் தரும். மாடிக்குப் பத்து வீடு வீதம் மூன்று மாடி என்றால் வீட்டுக்கு ஆண்டுக்கு 5,000 யூனிட், தாராளம். முப்பது மாடி என்றால் 500 யூனிட், அதாவது நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. நீர்த்தொட்டி, மின்தூக்கி அறை, பக்கத்துக் கட்டடத்தின் நிழல் ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும்.

இதை மேற்கூரைத் தகடுகளுக்கு எதிரான வாதமாகக் கொள்ள வேண்டாம். பயன்படும் இடத்திலேயே மின்சாரம் பிறப்பதால் கடத்தல் இழப்பு குறைகிறது, புதிதாக நிலமும் தேவைப்படுவதில்லை. ஆனால் அடர்ந்த நகரத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வரும் என்பதையும், அதற்கான காற்றாலைகளும் சூரியப் பூங்காக்களும் மின்தடங்களும் வேறு யாரோ ஒருவரின் ஊரில்தான் அமையும் என்பதையும் நகரவாசிகள் ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஊராரைக் கலந்தாலோசிக்காத திட்டம் எங்காவது ஒரு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

சூரியன் மறைந்தபின், காற்று ஓய்ந்தபின் என்ன செய்வது?

இதற்கு ஒற்றை விடை கிடையாது. சில மணி நேர இடைவெளிக்கு மின்கலம் போதும்: 2017-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் நிறுவப்பட்ட 100 மெகாவாட் மின்கலம், வலையமைப்பின் அதிர்வெண்ணை நொடிக்குள் சீராக்குவதிலும் தன் திறனைக் காட்டியது. நெடுங்காலமாக உலகின் மின்சேமிப்பில் பெரும்பங்கு நீரேற்றுப் புனல் நிலையங்களுடையதாகவே இருந்துவந்திருக்கிறது. மிகுதியான மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுகிறார்கள். பரந்த நிலப்பரப்பை இணைக்கும் மின்தடங்கள் ஓரிடத்தின் காற்றை மற்றோரிடத்தின் அமைதிக்கு ஈடாக்கும்.

நகரத்தின் பங்கு இங்கேதான் குறைத்து மதிப்பிடப்படுகிறது. கலிஃபோர்னியாவின் மின்கட்டமைப்பு இயக்குநர்கள் 2013-இல் ஒரு வரைகோட்டை வெளியிட்டார்கள்: நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுவதால் மற்ற நிலையங்களின் தேவை பள்ளமாக விழுகிறது, மாலையில் வெயில் இறங்கும் அதே வேளையில் வீடுகளில் விளக்கும் குளிரூட்டியும் இயங்க, தேவை செங்குத்தாக ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத் தணிக்கப் புதிய நிலையம் மட்டுமே வழியன்று. வெந்நீர்க் கலனையும் நீரேற்றும் மோட்டாரையும் நண்பகலுக்கு மாற்றலாம். பெரிய வளாகங்கள் பகலில் பனிக்கட்டியோ குளிர்நீரோ செய்து வைத்து மாலையில் அதைக் கொண்டு குளிரூட்டலாம். அலுவலக வளாகத்தில் மின்னேற்றி இருந்தால் கார்கள் பகலிலேயே நிரம்பிவிடும். நேரத்துக்கேற்ற மின்கட்டணம் இதற்கெல்லாம் தூண்டுதலாக இருக்கும். மின்னேற்றிகளை வீட்டில் மட்டும் வைப்பதா, வேலையிடத்திலும் வைப்பதா என்பது நகரத் திட்டமிடல் முடிவு போலத் தோன்றினாலும் மாலை உச்சத்தை நிர்ணயிப்பது அதுவே.

இயற்கை எரிவாயு இடைக்காலத் தீர்வாகுமா? அணுமின்சாரம்?

கட்டுமானம் முதல் கழிவு நீக்கம் வரையிலான உமிழ்வைச் சேர்த்து ஐபிசிசி 2014-இல் தந்த இடைநிலை மதிப்புகள், ஒரு யூனிட்டுக்கு, இவை: நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, பெருஞ்சூரியப் பூங்கா 48, புனல் 24, அணு 12, நிலத்துக் காற்றாலை 11. கார்பன் அளவில் அணுமின்சாரம் காற்றாலைக்கு இணையானது. அதன் சிக்கல்கள் செலவு, கட்டும் காலம், கழிவு, மக்கள் ஏற்பு ஆகியவை, பொதுவாக நகராட்சியின் கையில் இல்லாதவை. எரிவாயு நிலக்கரியைவிடக் குறைவாக உமிழ்ந்தாலும், கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன் அந்த நன்மையை அரித்துவிடும். தெருவுக்குத் தெரு புதிய எரிவாயுக் குழாய் பதிக்கும் நகரம், அக்குழாயின் முதலீட்டை மீட்பதற்காகவே பல பத்தாண்டுகள் எரிவாயுவை விற்க வேண்டிய நிலைக்குத் தன்னை ஆளாக்கிக்கொள்கிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கருவி என்பதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. கோபன்ஹேகனின் கட்டடங்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு, நகரம் முழுவதும் ஓடும் வெந்நீர்க் குழாய் வலையமைப்பால் சூடாக்கப்படுகின்றன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் டென்மார்க் 1979-இல் இயற்றிய வெப்ப வழங்கல் சட்டம் அதற்கு உரமிட்டது. டொரன்டோ 2004 முதல் ஒன்டாரியோ ஏரியின் 80 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்திலிருந்து ஏறத்தாழ 4 டிகிரி குளிர்ந்த நீரை எடுத்து நடு நகரக் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. இத்தகைய வலையமைப்பின் பெரிய நன்மை, வெப்பத்தின் மூலத்தை மட்டும் மாற்றினால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நாளில் மாறிவிடுவது. அடர்த்தி இல்லாத இடத்தில் குழாயின் செலவு கட்டுப்படியாகாது. மீண்டும் நில வரைபடத்துக்கே வருகிறோம்.

மரம் நட்டால் உமிழ்வை ஈடுகட்டலாமா?

இல்லை. வளர்ந்த மரமொன்று ஆண்டுக்குச் சில பத்துக் கிலோ கார்பன் டை ஆக்சைடை ஏற்கும். மனிதர் ஒருவரின் உலகச் சராசரி உமிழ்வு நான்கு டன்னுக்கும் மேல். ஆயினும் நகர மரங்கள் தேவை. நிழலாலும் நீராவியாலும் சுற்றுப்புறத்தைவிட நகரம் கூடுதலாகச் சூடேறும் 'வெப்பத் தீவு' நிலையின் கடுமையைத் தணித்துக் குளிரூட்டும் தேவையைக் குறைப்பதுதான் அவற்றின் உண்மையான பணி. அதற்காக அவற்றைத் தெருவோரத்தில், மக்கள் நடக்கும் இடத்தில் நட வேண்டும்.

குப்பைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உணவுக்கழிவு காற்றில்லாமல் மட்கும்போது மீத்தேன் பிறக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பமூட்டுவது. வீட்டிலேயே தரம்பிரித்து, ஈரக்கழிவை உரமாகவோ சாணவாயு போன்ற எரிவாயுவாகவோ மாற்றுவது நகராட்சிக்கு முழு அதிகாரமுள்ள, விரைவில் பலன் தரும் நடவடிக்கை.

இலக்கு ஆண்டுகளை எவ்வளவு நம்பலாம்?

2025-க்குள் கார்பன் சமநிலை எட்டுவதாக அறிவித்த கோபன்ஹேகன், தன் உமிழ்வைப் பெருமளவு குறைத்த பிறகும், குப்பை எரிமின் நிலையத்தில் கார்பனைப் பிடிக்கும் திட்டத்துக்கு நிதி கிடைக்காததால் அந்த இலக்கை எட்ட இயலாது என்று 2022-இல் தெரிவித்தது. அபுதாபியின் மஸ்தார் நகரம் 2006-இல் அறிவிக்கப்பட்டபோது பத்தாண்டுகளில் முழுமையடையும் என்றார்கள். அக்காலக்கெடு பின்னர் 2030 வரை தள்ளிப்போனது. இரண்டையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். முதலாவது, மக்கள் வாழும் பழைய நகரத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த வேலையின் கடைசிப் படி; இரண்டாவது, வெற்று நிலத்தில் புதிதாக எழுப்ப நினைத்த மாதிரி. தொலைவான ஆண்டுக்குப் பெரிய இலக்கும் அடுத்த ஐந்தாண்டுக்கு வெறுமையும் உள்ள திட்டத்தைவிட, ஆண்டுதோறும் உமிழ்வு வரவுசெலவை வெளியிடும் சிறிய திட்டம் நம்பத்தக்கது.

செலவை யார் ஏற்பது? ஏழைகள் நகரத்தை விட்டு வெளியேற்றப்படமாட்டார்களா?

அந்த அச்சம் நியாயமானது. மெட்ரோ நிலையமும் பூங்காவும் வந்ததும் வாடகை உயர்கிறது. முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் பேருந்து இல்லாத விளிம்புக்குப் போகிறார்கள். அவர்களின் பயணத் தொலைவோடு நகரின் உமிழ்வும் கூடுகிறது. ஆகவே நிலையத்தையொட்டி வாடகைக் கட்டுக்குட்பட்ட வீடுகளுக்கு இடம் ஒதுக்குவது சமூகநலக் கொள்கை மட்டுமல்லாமல் கார்பன் கொள்கையும்தான். ஹாங்காங்கில் மெட்ரோ நிறுவனம் நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டடம் எழுப்பும் உரிமையைப் பெற்று, அதில் வரும் வருவாயால் தடங்களை அமைக்கிறது. அரசின் முதலீட்டால் உயரும் நில மதிப்பில் ஒரு பங்கைப் பொதுவுக்கே திருப்பும் இம்முறையை வேறு வடிவங்களிலும் செய்யலாம். வாடகை வீடுகளில் இன்னொரு முடிச்சு இருக்கிறது: வெப்பக் காப்புக்குச் செலவிட வேண்டியவர் வீட்டுக்காரர், மின்கட்டணம் மிச்சமாவது குடியிருப்பவருக்கு. குறைந்தபட்சத் தரத்தை எட்டாத வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்ற விதியால் இங்கிலாந்து அதை அவிழ்க்க முயன்றிருக்கிறது.

எங்கள் நகரத்தின் திட்ட வரைவு கருத்துக்கேட்புக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முன்னுரையைத் தாண்டி நில வரைபடத்துக்குச் செல்லுங்கள். புதிய குடியிருப்புக்கென நிறமிட்ட பகுதிகள், இயங்கிக்கொண்டிருக்கும் பொதுப் போக்குவரத்துத் தடத்திலிருந்து எத்தனை நிமிட நடையில் உள்ளன? 'முன்மொழியப்பட்ட' தடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை வாகன நிறுத்தம் என்ற கட்டாய விதி இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதை நீக்கக் கேளுங்கள். மின்வாரியம் இந்த வரைவைப் பார்த்துத் தன் துணைமின் நிலையங்களின் இடத்தைக் குறித்திருக்கிறதா? உமிழ்வுக் கணக்கின் அடிப்படை ஆண்டும் வரம்புகளும் பின்னிணைப்பில் உள்ளனவா? இறுதியாக, வரவுசெலவுப் பட்டியலில் சாலை விரிவாக்கத்துக்கும் மேம்பாலத்துக்கும் ஒதுக்கிய தொகையையும், நடைபாதைக்கும் பேருந்துக்கும் ஒதுக்கிய தொகையையும் அருகருகே எழுதி, அந்தத் தாளையே உங்கள் எழுத்துவழி ஆட்சேபத்தோடு கெடு தேதிக்குள் இணைத்து அனுப்புங்கள்.